தாங்க்ஃபுல் எழுதிக்கொடுத்த விடுதலை

ஜன்னல் ஓரத்துல நீங்களே இருங்க தம்பி. எனக்குக் காலை நீட்டணும், முட்டு மடங்க மாட்டேங்குது. சங்கரன்கோவில்ல இருந்து தென்காசிக்கு ஒண்ணரை மணி நேரம்னு சொல்லுதாங்க. இந்த டிரைவரைப் பாத்தா ரெண்டு மணி நேரம் ஆக்கிருவாரு போல. ஆக்கட்டும், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. தங்கச்சிகிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும், அவ்வளவுதான். அவ போட்டுட்டா வீட்டை வித்துரலாம். போடலைன்னா... போடுவா. ஏன் போடாம?

என் பேரு புன்னைவனம். நாப்பத்திரெண்டு வருஷம் பத்திர எழுத்தரா இருந்தேன். ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு எதுத்தாப்புல மேசை போட்டு உக்காந்தவன். எங்க ஊர்ல பாதி வீடு என் கையெழுத்துலதான் கெடக்கு. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, எல்லாம் எழுதியிருக்கேன். ஆனா ஜனங்க என்னைத் தேடி வந்தது விடுதலைப் பத்திரத்துக்கு. அதான் தம்பி, பொம்பளப் பிள்ளைங்க, எங்கப்பா சொத்துல எனக்குள்ள பாத்தியதையை அண்ணன் தம்பிக்கே விட்டுக்கொடுத்துட்டேன்னு எழுதிக்கொடுக்குறது. முகூர்த்த நாள்ல ஏழு எட்டு எழுதுவேன். ஒண்ணுலகூட பின்னால தகராறு வந்ததில்ல. அழுதுக்கிட்டு வர்ற பிள்ளைக்குக்கூட ஒரு கலரு சோடா வாங்கிக் கொடுத்து, "உனக்குப் பொறந்த வீடு வேணுமா, சொத்து வேணுமா தாயி"ன்னு பக்குவமாக் கேப்பேன். போட்டுருவாங்க. அந்தப் பக்குவம் இந்தக் காலத்துப் பயலுகளுக்குக் கிடையாது.

அப்பேர்ப்பட்டவன் சொந்தத் தங்கச்சி கையெழுத்துக்கு இந்த வெயில்ல பஸ் ஏறி வாரேன் பாருங்க. அலுத்துப் போச்சு தம்பி. நெசமாவே அலுத்துப் போச்சு.

போன ஐப்பசியில மக வீட்டுக்கு அமெரிக்கா போனேன். வீட்டுக்காரி போய் நாலு வருஷம் ஆச்சு, ஒத்தையில கெடக்க வேண்டாம்னு மக கூப்பிட்டா. அங்க போயும் ஒத்தையிலதான் கெடந்தேன். அவளும் மாப்பிள்ளையும் காலையில காரை எடுத்தா ராத்திரிதான் வருவாங்க. வெளிய பனி. தெருவுல ஒரு மனுஷ நடமாட்டம் இல்ல. அடுத்த வீட்டுல ஒரு கிழவி, லோயிஸ்னு பேரு, எண்பத்தோரு வயசு. அதுவும் ஒத்தை. ஒரு நாள் ஒரு பிளேட்டுல ஏதோ கேக்கு கொண்டு வந்து கொடுத்தாங்க. அவங்க பேசுறது எனக்கு விளங்காது, நான் பேசுறது அவங்களுக்கு விளங்காது. என் இங்கிலீஷ் பத்திர இங்கிலீஷ் தம்பி. வெள்ளைக்காரன் காலத்துப் பத்திரமெல்லாம் வாசிச்சுப் பழகினது. சாயந்திரம் டீ குடிக்க வாங்கன்னா யோசிக்கணும். மேற்படி நிலத்தின் வடக்கெல்லைன்னா உடனே புரியும்.

டீ குடிக்கப் போனா, மேசை நிறைய காயிதம். என்னன்னு கேட்டேன், காயிதத்தைக் காட்டிக் காட்டி மெதுவாச் சொன்னாங்க. அந்த ஊருக்கு முந்நூத்தம்பது வருஷத்துக்கு முன்னால கப்பல்ல வந்து முதல்ல குடியேறின குடும்பம் பதினொண்ணாம். அந்தப் பதினோரு குடும்பத்து வாரிசுகளுக்குன்னு ஒரு சங்கம் வச்சிருக்காங்க. வசந்த காலத்துல ஊருக்கு முந்நூத்தம்பதாவது வருஷ விழா. அன்னைக்கு ஒவ்வொரு வாரிசு பேரையும், தலைமுறை தலைமுறையாச் சொல்லி, சபையில வாசிப்பாங்களாம். இந்தம்மா ஹாஸ்கின்ஸ்ங்கிற குடும்பத்துல வந்தவங்கன்னு அவங்க அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கு. ரெண்டு தடவை மனு போட்டு ரெண்டு தடவையும் தள்ளுபடி. ஆதாரம் இல்லைன்னுட்டாங்க. எண்பத்தோரு வயசுல மூணாவது மனு போடணும்னு உக்காந்திருக்கு. நெஞ்சுல வேற ஏதோ கருவி வச்சிருக்கு.

"எங்க அறுந்துபோச்சு?"ன்னு கேட்டேன்.

விரலை வச்சுக் காட்டினாங்க. கீழ இருந்து மேல எட்டுத் தலைமுறைக்கு ஆதாரம் இருக்கு. எட்டாவதுல ஒரு பொம்பள. தாங்க்ஃபுல்னு பேரு. நன்றியுள்ளவள்னு அர்த்தம் தம்பி, அந்தக் காலத்துல அங்க அப்படித்தான் பேரு வைப்பாங்களாம். நம்ம ஊர்ல போதும்பொண்ணுன்னு வைக்கலையா? அந்த தாங்க்ஃபுல், பீப்பாய் செய்யுற ஆமோஸ் பீல்ங்கிறவனுக்கு வாக்கப்பட்டிருக்கா. அதுவரைக்கும் சரி. ஆனா அவ அந்தக் கப்பல்ல வந்த எலீயேசர் ஹாஸ்கின்ஸோட மகதானாங்கிறதுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. ஞானஸ்நானப் பதிவு கோயிலோட எரிஞ்சு போச்சு. ஹாஸ்கின்ஸ் வம்சத்தைப் பத்தி நூறு வருஷத்துக்கு முன்னால ஒருத்தர் தடியா ஒரு புஸ்தகம் போட்டிருக்காரு. அதுல எலீயேசருக்கு நாலு மகன்னு இருக்கு. மகள்னு ஒருத்தியும் இல்ல.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "புஸ்தகத்தை எழுதினது யாரு?"ன்னு கேட்டேன். மூத்த மகன் வழியில வந்தவராம். நல்லாத்தான் எழுதியிருப்பாரு! "அம்மா, புஸ்தகத்தை மூடி வைங்க. எலீயேசருக்குச் சொத்து இருந்துச்சா?"ன்னு கேட்டேன். எழுபது ஏக்கர் இருந்துச்சாம். உயில் எழுதினாரா? இல்லையாம். "அப்போ பத்திரம் இருக்கும். பொம்பளப் பிள்ளைய கல்யாணத்துல மறப்பாங்க, சாவுல மறப்பாங்க. நிலத்தைப் பிரிக்கையில மட்டும் தேடி வருவாங்க. அவ கையெழுத்து இல்லாம மகன்மாருக்கு வில்லங்கம் தீராது"ன்னேன். அந்தம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே! என் மக கல்யாணத்துல கூட யாரும் என்னை அப்படி மரியாதையாப் பாக்கல.

அங்க பதிவு ஆபீஸ் புஸ்தகமெல்லாம் படம் எடுத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கான். மூணு வாரம் தம்பி, தெனமும் காலையில இருந்து அந்தம்மா வீட்டுலதான். என்ன எழுத்துங்கிறீங்க! கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆனா போகப் போகப் பிடிபட்டுருச்சு. பாத்தா எல்லாம் நம்ம சமாச்சாரம்தான். 'வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, கல் குவியல் வரை சென்று, அங்கிருந்து ஓடைக்கரையை அடைந்து'ன்னு நாலெல்லை எழுதியிருக்கான். நம்ம ஆளு, வேப்பமரத்துக்கு மேற்கு, செல்லையா கிணத்துக்கு வடக்குன்னு எழுதுறதுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? எழுதினவன் பேரே இல்லாம எத்தனை பத்திரம். எழுத்தர்னா எங்கயும் அப்படித்தான், யாரு நினைக்கா.

மூணாவது வாரம் அந்தம்மாவோட பழைய நோட்டைப் பொரட்டுனேன். அதுல ஒரு குறிப்பு, பேனாவால அடிச்சு விட்டிருக்கு. 'ஆமோஸ் பீல், ஹாஸ்கின்ஸ் சகோதரர்களுக்கு, 1732 பிப்ரவரி'ன்னு இருக்கு. ஏன் அடிச்சீங்கன்னு கேட்டேன். அந்தப் பத்திரத்துல 'காலஞ்சென்ற எலீயேசர்'னு இருக்காம். நம்ம எலீயேசர் செத்தது 1732 நவம்பர். பிப்ரவரியில உயிரோட இருந்தவனை எப்படிக் காலஞ்சென்றவன்னு எழுதுவான்? அதனால அது வேற எவனோ எலீயேசர்னு பத்து வருஷத்துக்கு முன்னாலயே தள்ளி விட்டிருக்கு.

எனக்கு மனசு கேக்கல. அந்தப் பதிவுப் புஸ்தகத்தை எடுக்கச் சொல்லிப் பக்கம் பக்கமாப் பாத்தேன். தேதியை எவனும் மாத்தி எழுதலாம் தம்பி, பக்க நம்பரை மாத்துறது கஷ்டம். எங்க தொழில்ல முதல்ல பாக்குறதே அதைத்தான். பாத்தா, 1732 நவம்பர் முன்னால வருது. அப்புறம் டிசம்பர். அப்புறம் ஜனவரி, அதுவும் 1732. அப்புறம் பிப்ரவரி, அதுவும் 1732. மார்ச் கடைசியிலதான் 1733ன்னு போட்டிருக்கான். ஒரு நிமிஷம் உக்காந்து யோசிச்சேன். அட, நம்ம மாசி பங்குனி! இவங்களுக்கும் அந்தக் காலத்துல வருஷம் ஜனவரியில பொறக்கல. மார்ச் கடைசியிலதான் பொறந்திருக்கு, நமக்குச் சித்திரையில பொறக்குற மாதிரி. அப்போ பிப்ரவரிங்கிறது வருஷத்தோட கடைசி. கார்த்திகையில அப்பன் செத்திருக்கான், மாசியில மகன்மாரு பத்திரத்தோட வந்திருக்காங்க. கணக்கா மூணு மாசம். துக்கம் ஆறுன உடனே.

பத்திரத்தை எடுத்து வாசிச்சா, தம்பி, என் கையால எழுதுன மாதிரி இருக்கு. 'காலஞ்சென்ற எலீயேசர் ஹாஸ்கின்ஸ் மகளும், ஆமோஸ் பீல் மனைவியுமான தாங்க்ஃபுல் ஆகிய நான், என் சகோதரர்கள் பேரில் எனக்குள்ள இயற்கையான பிரியத்தினாலும், ஒரு பசுமாடு பெற்றுக்கொண்டதினாலும், மேற்படி நிலத்தில் எனக்குள்ள சகல பாத்தியதையையும் விட்டு விலகிக்கொள்கிறேன்.' பிரியமும் பசுமாடும்! நான் மஞ்சள் குங்குமச் செலவுக்குன்னு எழுதுவேன், அவன் பசுமாடுன்னு எழுதியிருக்கான். கீழ அவளுக்குக் கையெழுத்துத் தெரியாது, ஒரு கூட்டல் குறி. கோடு கோணிக்கிட்டுப் போகுது.

லோயிஸ் அம்மா அந்தக் குறி மேல கையை வச்சு, கம்ப்யூட்டர் கண்ணாடி மேலதான், வச்சுக்கிட்டே அழுதுருச்சு. நான் என்ன செய்ய? தண்ணி கொண்டாந்து கொடுத்தேன். அவ பொறந்ததுக்கு ஊர்ல ஒரு ஆதாரம் இல்ல. அவளை எழுதி விலக்கின காயிதம் ஒண்ணுலதான் அவ மகள்னு இருக்கு. அதைச் சொன்னது நான் இல்ல, அந்தம்மா சொன்னாங்க. எனக்கு அதுல ஆச்சரியம் ஒண்ணும் தோணல. தொழில் தெரிஞ்சவனுக்கு அது சாதாரணம்.

மனு ஏத்துக்கிட்டாங்க. பங்குனிக் கடைசியில விழா. என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. மரப் பெஞ்சு போட்ட சபை. ஒவ்வொருத்தரா எந்திரிக்க எந்திரிக்க வாசிக்கான். இந்தம்மா முன் பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நிக்கு. 'எலீயேசர் ஹாஸ்கின்ஸ், அவர் மகள் தாங்க்ஃபுல், அவள் மகள்...'னு வரிசையா வந்து கடைசியில 'லோயிஸ்'னு வாசிச்சான். அம்புட்டுதான். ஒரு சென்ட் நிலம் கிடையாது, ஒரு டாலர் கிடையாது. ஒரு சால்வைகூடப் போடல. அதுக்கு அந்தக் கிழவி மூஞ்சியைப் பாக்கணுமே! அன்னைக்குத்தான் பொறந்த மாதிரி. அதுல அப்படி என்ன கிடைச்சுதோ, எனக்கு இன்னும் விளங்கல.

அதுக்குள்ள அவங்க பேச்சு எனக்குப் பழகிருச்சு. திரும்பி வரும்போது கார்ல கேட்டாங்க. "ஒரு பசுமாட்டுக்கு எழுபது ஏக்கர்ல உள்ள பங்கை ஏன் விட்டா?"

"அண்ணன் தம்பி மேல உள்ள பிரியம். அதான் எழுதியிருக்கே"ன்னேன்.

"அவளுக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியாதே. அதுல என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியுமா?"

"எழுத்தர் வாசிச்சுக் காட்டியிருப்பாரு."

"நீங்க வாசிச்சுக் காட்டுவீங்களா?"

"'வாசிக்கக் கேட்டு, சரியென ஒப்பி'ன்னு கடைசியில எழுதிருவோம்"னேன்.

"வாசிப்பீங்களா?"ன்னு மறுபடியும் கேட்டாங்க.

எழுதிருவோம்னு சொன்னேன்ல, அதுக்கப்புறமும் என்ன கேள்வி? எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. முகூர்த்த நாள்ல எட்டுப் பத்திரம்னா ஒவ்வொண்ணையும் வாசிச்சுக்கிட்டு இருக்க முடியுமா? உதவி செஞ்ச மனுஷன்கிட்ட கேக்குற கேள்வியா அது? அதுக்கப்புறம் அந்தம்மாவை ஊருக்குக் கிளம்புற அன்னைக்குத்தான் பாத்தேன்.

இது என்ன, வீரசிகாமணியா? இன்னும் பாதி தூரம் கெடக்கு.

ஊருக்கு வந்து வீட்டைத் தொறந்தா ஒரே தூசி. மாடிப்படி ஏற முடியல. இனி எதுக்கு இவ்வளவு பெரிய வீடு, வித்துட்டு மகளோட போயிருவோம்னு முடிவு பண்ணேன். ஆளும் அமைஞ்சுட்டான். அப்பா கட்டின வீடு, பட்டா என் பேர்ல இருக்கு, வரி ரசீது என் பேர்ல இருக்கு. வாங்குறவனோட வக்கீல் ஒரு சின்னப் பய. அவன் சும்மா இருக்காம தெருவுல விசாரிச்சிருக்கான். "அவருக்குத் தென்காசியில ஒரு தங்கச்சி உண்டே"ன்னு எவனோ சொல்லிட்டான். பய என் வீட்டுக்கே வந்து, "ஐயா, வாரிசுச் சான்றிதழ்ல உங்க பேரு மட்டும்தானே இருக்கு?"ங்கான்.

இருக்கத்தான் செய்யும். நான்தானே மனு எழுதினேன். அப்பா செத்தது தொண்ணூத்தி நாலுல. 'இறந்தவருக்கு ஒரே மகன், வேறு வாரிசு இல்லை'ன்னு எழுதிக் கொடுத்தேன். கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல தம்பி. அவ தென்காசியில கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு இருந்தா. ஒவ்வொரு காயிதத்துக்கும் அவளை அலைய விடணுமா? அவ நல்லதுக்குத்தான். அவ பேரைப் போட்டாலும் எனக்குத்தான் எழுதிக் கொடுக்கப்போறா. தீபாவளிக்குச் சேலை, பொங்கப்படி, அவ மகளுக்குக் காது குத்துக்குத் தாய்மாமன் சீரு, எதுலயாவது நான் குறை வச்சேனா? கேளுங்க அவளை!

சரி, போகட்டும்னு விடுதலைப் பத்திரம் ஒண்ணு தயார் பண்ணி, எல்லாக் காயிதத்தையும் அவ மகன் போனுக்கு அனுப்பி வச்சேன். அங்கதான் தப்பு பண்ணிட்டேன். அந்த வாரிசுச் சான்றிதழும் கூடவே போயிருச்சு. நாப்பத்திரெண்டு வருஷத் தொழில்ல, எந்தக் காயிதத்தைக் காட்டணும், எந்தக் காயிதத்தைக் காட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? வயசாயிருச்சு தம்பி. அவ மகன் அதை வாசிச்சுச் சொல்லியிருக்கான். அன்னையில இருந்து பத்து நாள் அவ என் போனை எடுக்கல. பதினோராவது நாள் எடுத்தா. "ஆவுடை, என்னம்மா கோவமா?"ன்னு கேட்டேன். "கோவமெல்லாம் இல்லண்ணே. பொறக்காதவகிட்ட எதுக்குக் கையெழுத்து?"ன்னா.

பாத்தீங்களா பேச்சை? வீட்டுல பங்கு வேணுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டா. ரூவா ஏதும் வேணுமா? வேண்டாம். அப்போ என்னதான் வேணும்? "நீ நேர்ல வா"ன்னா. அதான் வாரேன். லோயிஸ் அம்மாவுக்காவது எண்பத்தோரு வயசு, பேச ஆளில்ல, காயிதம் காயிதம்னு அலைஞ்சுது. இவளுக்கு என்ன? பேரன் பேத்தி எடுத்துட்டா.

இருங்க, போன் அடிக்கு. அவதான்.

சொல்லு ஆவுடை... ஆமா, சேர்ந்தமரம் தாண்டியாச்சு... சாப்பாடெல்லாம் எதுக்கு, கொஞ்சம் மோர் இருந்தாப் போதும்... என்னது? ... இப்பமா? பஸ்ஸுல வச்சா? ... வீட்டுக்கு வந்து வாசிக்கேனே... சரி சரி, கேளு. எனக்குக் காயிதமே வேண்டாம், மனப்பாடம். 'சங்கரன்கோவில் நகரில் இருக்கும் காலஞ்சென்ற சிவனணைந்தபெருமாள் குமாரர் புன்னைவனம் அவர்களுக்கு, மேற்படி சிவனணைந்தபெருமாள் குமாரத்தி ஆவுடையம்மாள் எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம் என்னவென்றால், நம்முடைய தகப்பனாருக்கு நீரும் நானும் ஆக இரண்டே மக்கள்...' ஆவுடை? ... லைன்ல இருக்கியா? ... மறுபடியுமா? எதுக்கு? ... 'மேற்படி சிவனணைந்தபெருமாள் குமாரத்தி ஆவுடையம்மாள்...' ... கேக்கலையா? பஸ் சத்தம்... சரி, சத்தமா வாசிக்கேன். 'சிவனணைந்தபெருமாள் குமாரத்தி ஆவுடையம்மாள்... நீரும் நானும் ஆக இரண்டே மக்கள்...'

...

ம்... ம்... அது எப்படிம்மா முடியும்? ... ஆவுடை... ஆவுடை...

வச்சுட்டா.

மன்னிச்சுக்கிடுங்க தம்பி, பஸ்ஸே திரும்பிப் பாக்குது. மூணு தடவை வாசிக்கச் சொன்னா. மூணாவது தடவை அந்த வரியோட நானே நிறுத்திட்டேன். என்னன்னு தெரியல. பத்தாயிரம் பத்திரத்துல எழுதுன வரிதான், எழுதும்போது ஒண்ணும் செய்யாது. வாசிச்சா என்னமோ செய்யுது.

என்ன சொன்னான்னு கேக்கீங்களா? "'இரண்டே மக்கள்'ங்கிற இடத்தோட நிறுத்திருண்ணே. அதுக்குக் கீழ எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போட்டுத் தாரேன்"ங்கா.

விட்டுக்கொடுத்துட்டேங்கிற மிச்சத்தை எழுதலைன்னா அது என்ன பத்திரம்? அப்பா பேரும் எங்க ரெண்டு பேரு பேரும் மட்டும்தான் இருக்கு. நீங்க படிச்ச பிள்ளையாத் தெரியுறீங்க, சொல்லுங்க தம்பி. இந்த வயசுல அந்த ஒத்தை வரியைத் தூக்கிக்கிட்டு நான் எந்தப் பதிவாளர் முன்னால போய் நிக்க?